கூடத்துக் கார்ப்பெட்டில் நாய் மூத்திர வீச்சம்: ஐப்பசியிலிருந்து தை வரை ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவே ஒரு கிராமம். பழைய ஓட்டு வீடு: முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், உள்ளே ரெட் ஆக்சைடு தரை போட்ட கூடம். வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியரும் அவர் மனைவியும் மட்டும்தான். கொஞ்சம் நிலம் இருக்கிறது, சம்பா ஒரு போகம் போடுகிறார்கள். மகள் சென்னையில். அவர் வாங்கிக் கொடுத்த கம்பளி கார்ப்பெட் கூடத்தில் கிடந்தது. ஐந்துக்கு எட்டு அடி, சந்தன நிறத் தளம், சுற்றிலும் நல்ல சிவப்புக் கரை.

உத்தரப் பிரதேசத்தில் பதோஹி பக்கமிருந்து வரும் ரகம் அது. கையால் முடிச்சுப் போட்டு நெய்ததாக வீட்டார் நினைத்திருந்தார்கள், ஆனால் இது குத்து நூல் கார்ப்பெட். துணியில் ஒரு கருவியால் நூலைக் குத்தி இறக்கி, பின்பக்கம் லேட்டக்ஸ் பசை தடவி, அதன்மேல் பருத்தித் துணி ஒட்டி முடிப்பார்கள். பின்பக்கத்தைத் திருப்பினால் முடிச்சுகள் தெரியாமல் ஒரே சீராகத் துணி தெரிந்தால் அது இந்த ரகம். கார்ப்பெட் கழுவ வந்த எங்கள் கடை எடுத்த எல்லா முடிவுகளையும் கடைசிவரை இந்த விஷயம்தான் கட்டுப்படுத்தியது. அதனால்தான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாய் ஒரு பெட்டை, வெள்ளை ஸ்பிட்ஸ், நம் ஊரில் பொமரேனியன் என்று அழைக்கும் வகை. ஏழு வயது இருக்கும். குட்டியிலிருந்து வீட்டுக்குள் வளர்ந்தது. வெளிக்குப் போகக் கொல்லைக் கதவைப் பிராண்டும் பழக்கம் இருந்ததால் அதுவரை கூடத்தில் ஒரு சொட்டு விட்டதில்லை.

ஆவணி கடைசியில் கார்ப்பெட்டில் முதல் ஈரத்தைப் பார்த்திருக்கிறார்கள். புரட்டாசி முழுக்க அங்கங்கே விட்டிருக்கிறது. ஐப்பசி மழை பிடித்ததும் வீடு முழுக்க வீச்சம் எழுந்து, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தெரிகிற அளவுக்கு வந்துவிட்டது. அப்போதுதான் எங்கள் சலவைக் கடைக்குக் கூப்பிட்டார்கள். கார்ப்பெட், சோபா, மெத்தை கழுவுவதும் எங்கள் வேலையில் சேர்த்தி.

வீட்டில் ஏற்கெனவே செய்து பார்த்தவை

எதையெல்லாம் ஊற்றியிருக்கிறார்கள் என்பது தெரியாமல் ஒரு கறையில் கை வைக்கக் கூடாது. ஆசிரியரின் மனைவி, அந்த அம்மா, ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். முதலில் தண்ணீரும் துணியும். அப்புறம் வாஷிங் மெஷின் பவுடரை நுரைக்கக் கரைத்துத் தேங்காய் நார் வைத்துத் தேய்த்தார்கள். வாடை போகவில்லை என்று பினாயில். அதுவும் போதாமல் ஆப்ப சோடாவைத் தூவி, விளக்குமாறால் பெருக்கி எடுத்தார்கள். தினமும் சாயங்காலம் சாம்பிராணி. ஒருநாள் வேலைக்கு வரும் அக்கா பிளீச்சிங் பவுடர் போடலாமா என்று கேட்டிருக்கிறார், அம்மா சரி என்று சொல்லவில்லை. நல்ல வேளை. குளோரின் கம்பளி நூலைத் தின்றுவிடும். பழைய மூத்திரத்தில் இருக்கும் அம்மோனியாவோடு சேர்ந்தால் நெஞ்சை அடைக்கும் வாயுவும் கிளம்பும்.

இதில் சேதம் செய்தது துணி துவைக்கும் பவுடர். அதில் காரம், அதாவது அமிலத்துக்கு எதிரான தன்மை, அதிகம். கம்பளிக்கு ஏற்றும் சாயம் பெரும்பாலும் அமிலச் சாயம். காரம் பட்டு, நாரால் தேய்த்து, உலரவும் நேரமானதில் சிவப்புக் கரை ஒரு மூலையில் சந்தன நிறத்துக்குள் ஒழுகியிருந்தது. பினாயில் வாடையை மூடியதே தவிர எடுக்கவில்லை. ஆப்ப சோடா மேல்நூலில் இருப்பதைக் கொஞ்சம் உறிஞ்சும், அடியில் இருப்பதைத் தொடாது. நூலுக்குள் சிக்கிய தூள் விளக்குமாறுக்கு வராது, வாக்குவம் வேண்டும். அது அந்த வீட்டில் இல்லை.

இன்னொன்றையும் செய்திருந்தார்கள். நாய் அதிகம் மூத்திரம் போகிறது என்று ராத்திரியில் அதன் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து வைத்துவிட்டார்கள். இது எங்களுக்கு அன்றைக்குப் பெரிதாகப் படவில்லை, பின்னால் டாக்டர் சொன்ன முதல் விஷயமே இதுதான்.

நேரில் போய்ப் பார்த்தபோது

மேலிருந்து பார்த்தால் கறை பெரிதாக இல்லை. சந்தன நிறத்தில் நான்கைந்து இடங்களில் மங்கலான மஞ்சள் வட்டம், மூலையில் சாயம் ஒழுகிய இளஞ்சிவப்பு.

யூவி டார்ச்சை அடித்தோம். மூத்திரக் கறை இருட்டில் மங்கிய மஞ்சள் பச்சையாகத் தெரியும் என்பது பலருக்கும் தெரிந்ததுதான். இங்கே கார்ப்பெட்டில் பாதி, நீலம் கலந்த வெள்ளையாக ஜொலித்தது. அது மூத்திரம் இல்லை. சலவைப் பவுடரில் துணியைப் பளிச்சென்று காட்டக் கலக்கும் பொருள் அப்படித்தான் ஒளிரும். பவுடர் போட்டுத் தேய்த்த கார்ப்பெட்டில் மேல்பக்கம் டார்ச் அடித்து வரைபடம் போட முடியாது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

ஆக, இரண்டு பேராகப் பிடித்துத் திருப்பிப் போட்டோம். அடியில் ஒரு கோரைப்பாய் விரித்திருந்தார்கள், தரை வழுக்காமல் இருக்க. பாய் பாதி கறுத்து, தொட்டால் நசநசவென்று இருந்தது. கார்ப்பெட்டின் அடித்துணியில்தான் உண்மையான கணக்கு தெரிந்தது. மேலே உள்ளங்கை அகலம் இருந்த வட்டம், அடியில் சாப்பாட்டுத் தட்டு அகலம். மேலே தெரியாத இடங்களிலும் அடியில் கறை இருந்தது. மூத்திரம் நூல் வழியாக இறங்கி, லேட்டக்ஸில் உள்ள வெடிப்புகளில் புகுந்து, துணியில் பரவி, பாயில் தேங்கியிருந்தது. மேலே எத்தனை தரம் துடைத்தாலும், உலரும்போது அடியிலிருக்கும் ஈரம் நூல் வழியாக ஏறி, கறையையும் கூடவே கொண்டுவந்துவிடும்.

மழை வந்ததும் வீச்சம் கூடியதற்கும் இதுதான் காரணம். மூத்திரத்தில் உள்ள தண்ணீர் உலர்ந்தாலும் உப்புகள் நூலிலும் துணியிலும் தங்கிவிடும். அவை காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். ஈரம் ஏறினால் கிருமிகள் மறுபடி யூரியாவை உடைக்கத் தொடங்கும், அம்மோனியா கிளம்பும். புரட்டாசி வெயிலில் இரண்டு நாள் வாடை இல்லாததைப் பார்த்து, ‘சரியாகிவிட்டது’ என்று வீட்டார் நினைத்ததுண்டு. நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பத வரம்புக்காக மல்லுக்கட்டும் ஆசிரியருக்கு இதை விளக்க அதிக நேரம் பிடிக்கவில்லை. காய்ந்த நெல் ஒரே ராத்திரிப் பனியில் எடை ஏறுவதைப் பார்த்தவர் அவர்.

வேட்டியும் பிஹெச் தாளும்

எங்களை யோசிக்க வைத்தவை இரண்டு. கார்ப்பெட்டின் நட்ட நடுவில், சிவப்புக் கரையிலிருந்து மூன்றடி தள்ளி, ஒரு சின்ன வட்டத்திலும் இளஞ்சிவப்பு தெரிந்தது. அவ்வளவு தூரம் சாயம் ஒழுகியிருக்க முடியாது. இரண்டாவது, நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்திலேயே நாய் மூன்று நான்கு தரம் தாழ்வாரத்து ஓரத்தில் உட்கார்ந்து எழுந்தது. ஒவ்வொரு தரமும் சில சொட்டுதான். உட்கார்ந்தால் உடனே எழாமல் முக்கிக்கொண்டிருந்தது.

“இதுக்குப் பழக்கம் கெட்டுப்போச்சு தம்பி. பொண்ணு வந்துட்டுப் போனதுலேர்ந்தே இப்படித்தான், கோபம்” என்றார் அம்மா.

கோபம் என்றால் ஒரே இடத்தில் நிறைய விட்டுவைக்கும், இப்படிச் சொட்டுச் சொட்டாக முக்காது என்று எங்களுக்குத் தோன்றியது. கார்ப்பெட் வேலையில் பிஹெச் தாள் எப்போதும் கையில் இருக்கும்: ஈரத்தில் தோய்த்தால் நிறம் மாறி, அமிலமா (ஏழுக்குக் கீழே) காரமா (ஏழுக்கு மேலே) என்று காட்டும் தாள். ஈரமாக இருந்த ஒரு கறையில் ஒட்டிப் பார்க்கக் கை போனது, ஆனால் அதில் பயனில்லை: கார்ப்பெட் முழுக்கச் சலவைப் பவுடரின் காரம். அந்த இடத்தில் எதைத் தொட்டாலும் காரம்தான் காட்டும். கொல்லையில் துணி துவைக்கும் கல்லைத் தண்ணீர் விட்டுக் கழுவி, துடைத்து வைத்தோம். அக்கா நாயை அங்கே அழைத்துப் போய் நிறுத்தினார். விட்டதும் தாளைத் தோய்த்தோம். எட்டைத் தாண்டிய நிறம். விட்ட அந்த நிமிஷத்திலேயே மூக்கைக் குத்தும் அம்மோனியா வாடை.

இதை வைத்து நோய் என்று சொல்லிவிட முடியாது. நாயின் மூத்திரம் பொதுவாக ஆறிலிருந்து ஏழரைக்குள் இருக்கும். சோறு, காய், தயிர் என்று சாப்பிடும் நாய்க்கு இன்னும் கொஞ்சம் மேலேகூடப் போகலாம். இந்த நாய்க்கு மூன்று வேளையும் தயிர் சாதமும் மேரி பிஸ்கட்டும்தான். ஆனால் புதிதாக விட்ட மூத்திரத்தில் அம்மோனியா அடிப்பது வேறு விஷயம். கார்ப்பெட்டில் கிருமிகள் மெதுவாகச் செய்ய வேண்டிய வேலை, மூத்திரப்பைக்குள்ளேயே நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஆசிரியரின் பழைய வெள்ளை வேட்டி ஒன்றை மடித்து, அன்று இரவு நாயை அதில் படுக்க வைக்கச் சொன்னோம். காலையில் போனில் சொன்னார்கள்: வேட்டியில் ரோஸ் நிறத்தில் புள்ளிகள்.

உடனே கழுவ வேண்டாம் என்று முடிவெடுத்த காரணம்

வீட்டார் கேட்டது அன்றைக்கே எடுத்துப் போய் முழுக்கக் கழுவித் தரச் சொல்லி. நாங்கள் மறுத்தோம். வந்த கிராக்கியைத் திருப்பி அனுப்புவது எந்தக் கடைக்கும் சுலபமில்லை என்றாலும், காரணங்கள் வலுவாக இருந்தன.

ஒன்று, பருவம். வடகிழக்குப் பருவமழை இங்கே அக்டோபரில் பிடித்தால் டிசம்பர் வரை விடாது. லேட்டக்ஸ் வைத்த கார்ப்பெட்டை முழுக்க நனைத்தால் நூல் உலர்ந்தாலும் துணிக்கும் பசைக்கும் நடுவே ஈரம் மாட்டிக்கொள்ளும். அடைமழையில் அது வெளியேறுவதற்குள் பூஞ்சணம் பிடிக்கும். மூத்திர வீச்சம் போய் ஊசிப்போன வாடை வரும், சாயமும் இன்னும் ஒழுகும். வெந்நீர் ஆவி இயந்திரம் ஒன்றை வாடகைக்கு எடுக்கலாமா என்று மகள் போனில் கேட்டார். கம்பளியில் இருக்கும் மூத்திரக் கறைக்குச் சூடு கூடாது, கறை இன்னும் இறுகிப் பிடித்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டோம்.

இரண்டாவது காரணம் நாய். அது குணமாகாமல் கார்ப்பெட்டைக் கழுவிப் போட்டால், அதே வாரத்தில் பழைய நிலைமைதான். ‘புதுசே வாங்கிடலாமா’ என்ற யோசனைக்கும் இதே பதில்தான். புதியதிலும் இதே நாய்தான் படுக்கும்.

அதனால் வரிசையை இப்படி வைத்தோம்: முதலில் நாயை டாக்டரிடம் காட்டுவது, மழை முடியும்வரை கார்ப்பெட் மோசமாகாமல் தாங்கிப் பிடிப்பது, தை வெயில் வந்ததும் முழுக்கக் கழுவுவது. ஆசிரியர் உடனே ஒத்துக்கொண்டார். அம்மாவுக்குத்தான் அரை மனசு. தீபாவளிக்கு வீட்டில் ஆள் வருவார்களே என்ற கவலை நியாயமானதுதான்.

ஐப்பசி, கார்த்திகை: தாங்கல் வேலை

முதல் வேலையாகக் கோரைப்பாயைத் தூக்கிப் போட்டோம். வீச்சத்தில் பாதி அதோடு போயிற்று என்றே சொல்லலாம். கழுவிக் காயவைத்துப் பார்க்கலாமா என்று கேட்டார்கள். கோரைத் தண்டுக்குள் ஊறியது வெளியே வராது.

அப்புறம் கார்ப்பெட்டைத் தரையிலிருந்து தூக்கி, கூடத்தில் இரண்டு பெஞ்சுகளுக்கு மேல் அடிப்பக்கம் காற்றோடும்படி விரித்தோம். சுருட்டி மூலையில் நிறுத்துவதுதான் எல்லோரும் செய்வது. ஈரக் கார்ப்பெட்டை அப்படி வைத்தால் பூஞ்சணத்துக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்த மாதிரி.

கறை உள்ள இடங்களை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஒரு மூலையில் ஈர வெள்ளைத் துணியைப் பத்து நிமிடம் அழுத்தி வைத்துச் சாயச் சோதனை. வெறும் தண்ணீருக்குச் சிவப்பு லேசாக இறங்கியது, வினிகர் கலந்த தண்ணீருக்கு இறங்கவில்லை. அமிலச் சாயம் அமிலத்தில் நிலைத்து நிற்கும் என்பதற்கு ஏற்ற முடிவு. சமையல் வினிகரில் சுமார் 4 சதவீதம் அசிட்டிக் அமிலம் இருக்கும். அதில் ஒரு பங்குக்கு மூன்று பங்கு பச்சைத் தண்ணீர் கலந்து, கறை மேல் கொஞ்சமாக விட்டு, ஈரம் உறிஞ்சும் வாக்குவத்தால் உடனே இழுத்தோம். தேய்க்கவில்லை. விடுவது, இழுப்பது, மறுபடி விடுவது. இழுத்த தண்ணீர் முதலில் டீ நிறத்தில் நுரையோடு வந்தது. நுரை எல்லாம் பழைய பவுடர். கடைசியில் இரு பக்கமும் டேபிள் ஃபேன்.

இது குணப்படுத்தும் வேலை இல்லை என்பதை வீட்டாரிடம் தெளிவாகச் சொல்லியிருந்தோம். காரத்தைக் குறைத்து, சாயம் ஒழுகுவதை நிறுத்தி, அம்மோனியாவை அடக்குவது மட்டும்தான் நோக்கம். தீபாவளி அன்று வாடை தாழ்வாரத்தோடு நின்றது, வாசல்வரை வரவில்லை. கார்த்திகையில் நாள் கணக்கில் வெயிலே தெரியாதபோது மறுபடி கொஞ்சம் தலைகாட்டியது.

நாய்க்கு நடந்தது

உள்ளூர் மாட்டாஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, ஸ்கேன் எடுக்க ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். 2012இல் தொடங்கிய கல்லூரி அது. டெல்டாக்காரர்கள் மாட்டுக்குப் போவது போலவே நாய்க்கும் அங்கே போகிறார்கள். ஆசிரியர் வாடகைக் காரில் கூட்டிப் போனார்.

மூத்திரப் பரிசோதனையில் காரத் தன்மை, கிருமித் தொற்று, ரத்தம், கூடவே ஸ்ட்ரூவைட் என்கிற உப்புப் படிகங்கள். ஸ்கேனில் மூத்திரப்பையில் சின்னக் கல். பெட்டை நாய்களில் இந்த வகைக் கல் பெரும்பாலும் தொற்றோடு சேர்ந்தே வரும். சில கிருமிகள் யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்கும், மூத்திரம் காரமாகும், காரமான மூத்திரத்தில் மக்னீசியமும் பாஸ்பேட்டும் அம்மோனியத்தோடு சேர்ந்து படிகமாகிப் படியும். கொல்லைக் கல்லில் நாங்கள் தோய்த்த தாளில் தெரிந்த நிறத்துக்கும் இதுவே விளக்கம். கார்ப்பெட் நடுவிலும் வேட்டியிலும் தெரிந்த ரோஸ் நிறம் மூத்திரத்தில் வந்த ரத்தம்தான்.

டாக்டர் இரண்டு வழி சொல்லியிருக்கிறார்: அறுவை சிகிச்சை, அல்லது தொற்றுக்கு மருந்து கொடுத்து, கல்லைக் கரைக்கும் தனி உணவில் நாயை வைத்துப் பார்ப்பது. பெட்டை என்பதாலும், மூத்திரம் அடைபடாமல் போய்க்கொண்டிருந்ததாலும் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆண் நாயாகவோ, கடுவன் பூனையாகவோ இருந்து மூத்திரம் நின்றிருந்தால் அது அன்றைக்கே ஓட வேண்டிய அவசரம் என்றும் சொல்லியிருக்கிறார். தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து வைத்தது தெரிந்ததும், “தண்ணிய நிறுத்தவே கூடாதுங்கம்மா, நாள் பூரா கிண்ணம் நிறைஞ்சே இருக்கட்டும்” என்றாராம். தண்ணீர் குறைந்தால் மூத்திரம் கெட்டிப்படும், கல் வளர அது வசதி.

தயிர் சாதத்தை நிறுத்தியதுதான் வீட்டில் பெரிய போராட்டம். தனி உணவைத் தட்டில் வைத்தால் நாய் முகர்ந்துவிட்டு அம்மாவைப் பார்க்கும். அம்மா ஆசிரியருக்குத் தெரியாமல் ஒரு உருண்டை போட்டதும் உண்டு, அதை அவரே எங்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். கார்த்திகை நடுவில் சொட்டுவது நின்றது. நாய் மறுபடி கொல்லைக் கதவைப் பிராண்டத் தொடங்கியது. மார்கழிக் கடைசியில் எடுத்த ஸ்கேனில் கல் இல்லை.

தையில் கழுவியது

பொங்கல் கழிந்து வெயில் தெளிந்ததும் கார்ப்பெட்டை எடுத்து வந்தோம். வீட்டு வாசலிலேயே கழுவிக் காயவைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். அந்த நேரத்தில் ஊரெங்கும் சம்பா அறுப்பு, தெருவிலேயே நெல் காய்ந்தது, காற்றில் சுணை. ஈரக் கம்பளியில் சுணை ஒட்டினால் எடுக்கவே முடியாது, அப்புறம் அதில் உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் அரிப்புத்தான். ஆகவே கடை.

பின்பக்கத்திலிருந்து தட்டித் தூசியும் ஆப்ப சோடாவும் கொட்டியது ஒரு முறம் இருக்கும். சாய்வான சிமெண்ட் தளத்தில் விரித்து, பச்சைத் தண்ணீரில் கம்பளிக்கான காரமில்லாத ஷாம்பு மிகக் கொஞ்சம் கலந்து, நூல் திசையிலேயே மெதுவாக ஓட்டிக் கழுவினோம். மூத்திர உப்பு தண்ணீரில் கரையக்கூடியது. அதை எடுப்பது மருந்தின் வேலை என்பதைவிடப் போதுமான தண்ணீரின் வேலை. கடைகளில் விற்கும் என்சைம் திரவம் பருத்திக்கும் செயற்கை நூலுக்கும் நன்றாக வேலை செய்யும். ஆனால் அதில் புரதத்தை உடைக்கும் என்சைம் இருந்தால் கம்பளியில் ஊறவிடக் கூடாது, கம்பளியே புரதம்தானே. அதனால் மேல்நூலில் அதைப் பயன்படுத்தவில்லை.

எங்கள் போர்த் தண்ணீர் உப்பு. கடைசி அலசலுக்குக் குழாய்த் தண்ணீர் பிடித்து, வினிகர் கலந்து விட்டோம். வழிந்தோடும் தண்ணீரில் பிஹெச் தாள் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே காட்டும்வரை அலசினோம்.

ஒரு கறையில் மட்டும் வீச்சம் நின்றுகொண்டே இருந்தது, நடுவில் இருந்த பெரிய கறை அது. அந்த இடத்தில் அடித்துணியைப் பிளேடால் நறுக்கி உரித்தபோது லேட்டக்ஸ் மஞ்சளாகி, விரலால் தொட்டால் பொடியாக உதிர்ந்தது. அதை எவ்வளவு கழுவினாலும் பயனில்லை. உதிர்ந்த பசையை மட்டும் சுரண்டி எடுத்து, வெளியே தெரிந்த துணிப்பக்கத்தில் வினிகர்த் தண்ணீர் விட்டு இழுத்து, முழுக்க உலர்ந்த பின் புது லேட்டக்ஸ் தடவிப் பருத்தித் துணி ஒட்டினோம். பசை போன இடத்தில் நூல் எதற்கும் பிடிப்பு இல்லாமல் நிற்கும். அதை இழுக்காமல் வேலை செய்வதற்கு நிதானமான கை வேண்டும், அவசரப்பட்டால் வழுக்கைதான் விழும்.

காலைப் பனி விலகிய பிறகு மாடியில் நிழல் வலைக்குக் கீழே, மூங்கில் கழிகள் மேல் கவிழ்த்துப் போட்டுக் காயவைத்தோம். நேர் வெயில் சாயத்துக்கும் ஆகாது, லேட்டக்ஸுக்கும் ஆகாது. பனி இறங்குமுன் உள்ளே எடுத்தோம்.

திருப்பிக் கொடுக்குமுன் ஒரு சோதனை. காய்ந்த கார்ப்பெட் வாடை இல்லாமல் இருப்பதில் ஆச்சரியமில்லை. பழைய கறை இருந்த இடங்களில் ஈரத் துணி விரித்து, பிளாஸ்டிக் தாளால் மூடி, ராத்திரி முழுக்க விட்டோம். ஐப்பசி மழையைத் தையில் வரவழைப்பதற்கு இதைவிடச் சுலபமான வழி எங்களுக்குத் தெரியாது. காலையில் தாளை எடுத்து முகர்ந்ததில், நடுக்கறை இருந்த இடத்தில் மட்டும் மூக்கை ஒட்டி வைத்தால் தெரிகிற அளவுக்கு ஏதோ இருந்தது. மற்ற இடங்களில் ஈரக் கம்பளியின் சாதாரண வாடைதான். நடுவிடத்தை மறுபடி ஒருமுறை அலசினோம், குறைந்தது.

தரை

இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பாய்க்கு அடியில் ரெட் ஆக்சைடு தரையிலும் மூத்திரம் இறங்கியிருந்தது. மழமழவென்று தெரிந்தாலும் அது சிமெண்ட் தரை, பழைய தரையில் மயிரிழை வெடிப்புகள் இருக்கும். இங்கே வினிகர் கூடாது. பாத்ரூம் ஆசிட் பற்றிப் பேசவே வேண்டாம். அமிலம் சிமெண்டை அரித்து, தாத்தா காலத்துப் பளபளப்பை ஒரே நாளில் போக்கிவிடும். மொசைக் தரைக்கும் இதே எச்சரிக்கைதான். கார்ப்பெட்டில் பயன்படுத்தாத என்சைம் திரவத்தை இங்கே பயன்படுத்தினோம்: தரையில் விட்டு, உலராதபடி ஈரத் துணி மூடி, ராத்திரி முழுக்க வைத்து, காலையில் வெறும் தண்ணீரால் துடைத்தோம். மறுநாளும் ஒருமுறை. அதற்கு முன் பினாயில் மிச்சம் இல்லாமல் கழுவ வேண்டியிருந்தது. நாங்கள் பயன்படுத்திய என்சைம் திரவத்தில் என்சைமைச் சுரக்கும் கிருமிகளும் உண்டு, கிருமிநாசினி இருக்கும் இடத்தில் அது வேலை செய்யாது.

விளைவு

கார்ப்பெட் மாசியில் வீட்டுக்குப் போனது. மஞ்சள் வட்டங்களில் இரண்டு முழுக்கப் போய்விட்டன, மற்றவை தேடினால் தெரியும். மூலையில் ஒழுகிய சிவப்பு மங்கியதே தவிர போகவில்லை. அதைச் சாயம் நீக்கிச் சரிசெய்ய முயன்றால் தளத்தின் சந்தன நிறமும் வெளுக்கும் அபாயம் இருந்ததால் கைவைக்கவில்லை. மகளுக்குப் போட்டோ அனுப்பிக் கேட்டார்கள், விட்டுவிடச் சொன்னார். கழுவிய கூலியும் அடித்துணிக் கூலியும் சேர்த்து, புதிய கார்ப்பெட் விலையில் பாதியை நெருங்கியது. அதை முன்பே சொல்லி ஒப்புதல் வாங்கியிருந்தோம்.

அடுத்த ஐப்பசியில் ஆசிரியரிடம் விசாரித்தோம். கூடத்தில் வாடை இல்லை என்றார். கார்ப்பெட் மாடி அறைக்குப் போய்விட்டது, கூடத்தில் பவானி ஜமக்காளம் விரித்திருக்கிறார்கள். பருத்தி, அடித்துணி கிடையாது, நனைந்தால் அலசிக் கொடியில் போடலாம். நாய் வளர்க்கும் வீட்டுக் கூடத்துக்கு அதுதான் பொருத்தம் என்பது என் கருத்தும்கூட, கார்ப்பெட் கழுவிப் பிழைப்பவன் சொல்லக்கூடாத கருத்து என்றாலும். நாய்க்கு நடுவில் ஒருமுறை மறுபடி தொற்று வந்து, இந்த முறை வேட்டியிலேயே கண்டுபிடித்து உடனே மருந்து கொடுத்திருக்கிறார்கள்.

இப்போது மாற்றிக்கொண்டிருப்பவை

போனில் கூப்பிட்டவுடனே கேட்கும் கேள்விகளை மாற்றிவிட்டோம். முன்பு கார்ப்பெட்டின் அளவும் ரகமும் கேட்போம். இப்போது முதல் கேள்வி: இதற்கு முன் நாயோ பூனையோ உள்ளே விட்டதுண்டா, அல்லது இது புதிதாக வந்த பழக்கமா? புதிது என்றால் முதலில் டாக்டரிடம் காட்டச் சொல்கிறோம், கார்ப்பெட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறோம்.

நாங்கள் வரும்வரை என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்குச் சொல்வது சுருக்கம்: வெள்ளைத் துணியால் அழுத்தி உறிஞ்சுங்கள், தேய்க்காதீர்கள், பச்சைத் தண்ணீர் மட்டும் போதும், பவுடர், பினாயில், பிளீச்சிங் எதுவும் வேண்டாம், அடியில் என்ன விரித்திருக்கிறீர்கள் என்று தூக்கிப் பாருங்கள். பூனை இருக்கும் வீடுகளில் பினாயிலைப் பற்றிக் கூடுதலாக எச்சரிக்கிறோம். ஃபீனால் வகைப் பொருள்களைப் பூனையின் உடம்பால் சரியாக வெளியேற்ற முடியாது. தரையில் நடந்த காலை நக்கியே விஷம் ஏறலாம்.

ஐப்பசி, கார்த்திகையில் லேட்டக்ஸ் கார்ப்பெட்டை முழுக்க நனைத்துக் கழுவும் வேலையை இப்போது எடுப்பதில்லை, தாங்கல் வேலை மட்டும்தான். ஈரத் துணியும் பிளாஸ்டிக் தாளும் வைத்த ராத்திரிச் சோதனை எல்லாக் கார்ப்பெட்டுக்கும் நடக்கிறது. வீட்டுக்காரர் வந்து அவரே முகர்ந்து பார்த்த பிறகுதான் பில் போடுகிறோம்.